வெப்ஸ்டர் வீட்டுப் பங்காளிகள்

எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்துப்போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வேண்டும் என்பவர்கள் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளட்டும். ஆரணியில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் நான் பட்டுத்தறி நெய்துகொண்டிருப்பேன். அந்தப் பக்கம் அவர் யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டிருப்பார். தறிச் சத்தத்தைத் தாண்டி அவர் குரல் வரும். என் புடவைகளில் பாதி அவர் கத்தலைக் கேட்டபடியே நெய்ததுதான்.

அவருடைய சொந்தப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் தெரியாது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பமாட்டார்.

"அது கூப்பிடறதுக்கு வச்சது. என் பேரு வெப்ஸ்டர்" என்பார்.

பத்திரப்பதிவு ஆபீஸுக்கு எதிரே தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பத்திரம் எழுதுவது அவர் வேலை. கறுப்பாக, குட்டையாக, காதில் முடியோடு, நம் ஊர் ஆள் எப்படி இருப்பாரோ அப்படி இருப்பார். இந்த ஆளுக்கு வெப்ஸ்டர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அவருடைய தாத்தாவின் அப்பாவுக்கு ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் ஞானஸ்நானம் கொடுத்தார். அந்தப் பாதிரியார் பெயர் வெப்ஸ்டர். அந்த மரியாதைக்குத் தன் மகனுக்கு வெப்ஸ்டர் என்று பெயர் வைத்தார் தாத்தாவின் அப்பா. அவ்வளவுதான் கதை. நம் ஊரில் அப்பா பெயர் மகனுக்கு இனிஷியலாகப் போகும். பேரனுக்கு அதுவும் இருக்காது. அப்படித்தான் வெப்ஸ்டரும் தேய்ந்து ஒற்றை எழுத்தாகி, அப்புறம் காணாமல் போனார். சும்மா கிடந்திருக்கலாம். இந்த ஆள் விடவில்லை. அரசிதழில் போட்டுப் பெயரை மாற்றி, தன் பெயருக்குப் பின்னால் ஒரு வெப்ஸ்டர், மகள் கிரேஸிக்குப் பின்னால் ஒரு வெப்ஸ்டர், கேட்டில் பெயிண்டால் 'வெப்ஸ்டர் இல்லம்' என்று எழுதிவைத்தார். ஸ்கூட்டரின் முன்னாலும் எழுதினார். பின்னால் வருகிறவனுக்குத் தெரியவேண்டாமா என்று பின்னாலும் எழுதினார்.

அத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதமாட்டேன். அவர் கணக்கில் வெப்ஸ்டர் என்றால் ரத்தம். உலகத்தில் எங்கே ஒரு வெப்ஸ்டர் இருந்தாலும் அவருக்குப் பங்காளி.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். கனடாவிலோ எங்கேயோ ஒரு வெப்ஸ்டர் செத்துப்போனதாகப் போனில் பார்த்திருக்கிறார். வாசலில் கட்டியிருந்த ஸ்டாரை அவிழ்த்துவிட்டார். அன்று சாயந்தரம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த சர்ச் ஆட்களை வாசலிலேயே நிறுத்தி, "துக்க வீடு, பாடாதீங்க" என்று திருப்பி அனுப்பினார். பாவம், கிடாரோடு வந்தவன் கிடாரைக் கீழே இறக்கிக்கொண்டு, "யாருங்க அங்கிள் போயிட்டது?" என்று கேட்டான். "பங்காளி" என்றார். அவன் உட்கார்ந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனான்.

கிரேஸி என்னிடம் வந்து அழுதாள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற பெண். கேக்குக்குத் திராட்சை எல்லாம் ஊறப்போட்டு வைத்திருந்தாள். தாயில்லாத பெண் என்பதால் எதுவானாலும் என்னிடம்தான் ஓடி வருவாள். எனக்கு வந்ததே கோபம். தறியை விட்டு இறங்கி நேராகப் போனேன்.

"ஏண்ணா, செத்தவன் உன்னப் பாத்திருக்கானா? உன் பேராவது அவனுக்குத் தெரியுமா?"

"என் பெரியப்பன் சின்ன வயசுலயே செத்துட்டாரும்மா. நான் அவரப் பாத்ததில்ல. அவருக்கும் என்னத் தெரியாது. அதுக்காவ பெரியப்பன் இல்லன்னு ஆயிடுமா?"

"அது உங்க அப்பா கூடப் பொறந்தவரு."

"இது என் பாட்டன் பூட்டன் கூடப் பொறந்த பேரு."

பேரு கூடப் பிறக்குமா? அந்த ஆளிடம் அதுதான் பேஜார். அடிப்படையே முட்டாள்தனமாக இருக்கும். அதன்மேல் எழுப்பிய சுவரில் ஒரு செங்கல்கூட ஆடாது. நீங்கள் முட்டிக்கொண்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வரவேண்டியதுதான்.

இனி கல்யாணக் கதைக்கு வருகிறேன்.

கிரேஸிக்கு ஒரு பையனைப் பிடித்திருந்தது. டேனி. பெரணமல்லூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். தங்கமான பையன், ஒரே சபை, ஒரே சாதி சனம், அவன் அம்மாவுக்கும் கிரேஸியைப் பிடிக்கும். குறை என்று தேடினால் ஒன்றே ஒன்றுதான். அவன் முழுப்பெயர் டேனி வெப்ஸ்டர்.

அதே பாதிரியார்தான். அந்த மனுஷன் இங்கே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுச் சும்மா போகாமல் பெரணமல்லூர் பக்கமும் போயிருக்கிறார். அங்கேயும் ஒருத்தர் மரியாதைக்குத் தன் பிள்ளைக்கு வெப்ஸ்டர் என்று வைத்திருக்கிறார். அவர்களும் அதை விடாமல் பிடித்துவைத்திருக்கிறார்கள்.

"அண்ணன் முறை ஆவுது" என்றார் இவர்.

"எப்படிண்ணா?"

"ஞானஸ்நானம் குடுத்தவரு ஞானத் தகப்பன். தகப்பன் ஒருத்தர்னா பசங்க அண்ணன் தம்பி. அண்ணன் தம்பி வீட்டுக்குள்ள பொண்ணு குடுத்து எடுப்பாங்களா? உங்க வீட்ல பண்ணுவீங்களா?"

எங்கள் வீட்டில் பண்ணமாட்டோம். கோத்திரம் பார்ப்போம். அதை எனக்கே திருப்பிவிட்டுவிட்டு, ஜெயித்தவர் மாதிரி வெற்றிலையை மடித்தார்.

கிரேஸி உறுதியாகச் சொல்லிவிட்டாள். "அத்தை, டேனியத் தவிர வேற யாரையும் கட்ட மாட்டேன். அப்பாவ விட்டுட்டு ஓடியும் போவ மாட்டேன். அவருக்கு யாரு இருக்கா?" டேனியின் அம்மா சபைப் போதகரைப் பிடித்து, சர்ச்சில் கல்யாண அறிவிப்பை வாசிக்க ஏற்பாடு செய்துவிட்டார். எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டால் மனுஷன் வெட்கப்பட்டு அடங்கிவிடுவார் என்று நினைப்பு. யாரைப் பற்றி யார் நினைக்கிறார்கள் பாருங்கள்.

போதகர் இரண்டு பெயரையும் வாசித்துவிட்டு, இவர்களைச் சேர்த்து வைக்கத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லலாம் என்றாராம். அது எப்போதும் சொல்கிற வார்த்தை. யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். அவர் அடுத்த பாட்டுக்குப் பக்கம் புரட்ட ஆரம்பித்துவிட்டார். இவர் எழுந்து நின்றார்.

"ஐயா, இருக்குது. நான் பொண்ணோட அப்பன் சொல்றேன். இந்தப் பொண்ணும் அந்தப் பையனும் அண்ணன் தங்கச்சி."

கிழவிகள் வரிசையில் ஒரு குரல், "அடப்பாவி, பெரணமல்லூர்ல இவனுக்கு இன்னொரு குடும்பமா?" என்று எழும்பியது. டேனியின் அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் புருஷனும் பக்கத்தில்தான் இருந்தார். புருஷன் மெதுவாகத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். அந்தம்மா செருப்பைத் தேடினார். நல்லவேளை, அவர்கள் சர்ச்சில் செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போவார்கள்.

இவர் ஞானத் தகப்பன் விளக்கத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஆராதனை நேரமே முடிந்துவிட்டதாம். போதகர் தலையில் கை வைத்துக்கொண்டு, "வீட்ல பேசி முடிச்சுட்டு வாங்க. அப்புறம் வாசிக்கறேன்" என்றார். டேனியின் அம்மா வெளியே வந்து செருப்பைக் காலில் போட்டுக்கொண்டே கிரேஸியிடம் சொன்னார்: "லெந்து நாள் வர்றதுக்குள்ள உங்கப்பன் ஒத்துக்கினா கல்யாணம். இல்லன்னா நான் வேற பொண்ணு பாக்கறேன். என் மானத்த வாங்கிட்டாருடி."

லெந்து என்றால் ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள், அப்போது அவர்கள் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அதற்கு அதிக நாள் இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் இங்கிலாந்திலிருந்து ஒரு வெப்ஸ்டர் வருவதாகச் செய்தி வந்தது. நிஜ வெப்ஸ்டர். அந்தப் பாதிரியாரின் அண்ணன் வழியில் வந்தவர். பெண்டாட்டியோடு ஊர் சுற்றிப் பார்க்க வருகிறார். பாதிரியார் வேலை செய்த இடத்தையும் பார்க்கவேண்டுமாம். இவர் பல வருஷமாகப் போனில் உலகத்து வெப்ஸ்டர்களுக்கெல்லாம் வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்ததில் மாட்டிய ஒரே மீன் அவர்தான்.

"மூத்த கிளை வருதும்மா" என்று என்னிடம் வந்து சொன்னார். கண்ணில் தண்ணீர். "குடும்பத்துக்குப் பெரியவரு. இந்தக் கல்யாண விஷயத்த அவர் முன்னாடியே வச்சிடறேன். அவரு சரின்னா சரி. கூடாதுன்னா கிரேஸியும் விட்டுடணும்."

கிரேஸியும் ஒத்துக்கொண்டாள். நான் அவளைத் திட்டினேன். "யாரோ ஒரு வெள்ளக்காரன் வாயில உன் வாழ்க்கைய வச்சிருக்கியேடி."

"அப்பா வாயில இருக்கறதுக்கு அது பரவால்ல அத்தை" என்றாள்.

வீட்டுக்கு வெள்ளை அடித்தார். வெஸ்டர்ன் கக்கூஸ் போட்டார். என் தறி அறையில் இருந்த ஃபேனைக் கழற்றிக்கொண்டு போனார். நான் வியர்த்து ஒழுகிக்கொண்டு நெய்தேன். விருந்துக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டால் முறைத்தார். "விருந்தாளிக்குத்தான் விருந்து. பங்காளிக்கு வீட்ல இருக்கறதுதான். அவரு சொந்த வீட்டுக்கு வர்றாரு."

வந்தார்கள். ஆள் ஒட்டகச்சிவிங்கி மாதிரி இருந்தார். நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அந்தம்மா குள்ளம், சிரித்த முகம். எங்கள் தெருவே சன்னலில் தொங்கியது. இவர் கோட்டு மாட்டிக்கொண்டு, வந்தவரைக் கட்டிப்பிடித்து, அவர் மார்பு உயரத்துக்கு நின்று அழுதார். அந்த மனுஷன் இவர் முதுகைத் தட்டிக்கொண்டே யாராவது காரணம் சொல்வார்களா என்று எங்களைப் பார்த்தார். முறுக்கும் காபியும் வந்தது. கிரேஸி இங்கிலீஷில் பேசினாள். நான் வாசற்கதவோரம் நின்றேன்.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கேளும்மா. குடும்பத்துப் பெரியவரா ஒரு தீர்ப்பு சொல்லணும்னு கேளு. ஒரு வெப்ஸ்டர் பொண்ணு ஒரு வெப்ஸ்டர் பையனக் கட்டிக்கலாமா?"

தன் கல்யாணத்தைத் தானே கேட்கவேண்டிய நிலைமை அந்தப் பெண்ணுக்கு. முகம் சிவந்துபோய்க் கேட்டாள். வெள்ளைக்காரருக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். ஏதோ சொல்லிப் பெண்டாட்டியைக் காட்டினார். அந்தம்மாவும் சிரித்துக்கொண்டு நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னார்.

கிரேஸி கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இன்னா சொல்றாங்க?" என்றார் இவர்.

"அவங்களும்..." என்றாள். "அவங்க பொறந்த வீடும் வெப்ஸ்டராம்பா. கட்டிக்கினதும் வெப்ஸ்டராம். கல்யாணத்துக்கு அப்புறம் கையெழுத்துகூட மாத்தலியாம்."

அடுத்து நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். வெள்ளைக்காரர் முறுக்கை எடுக்கக் கையை நீட்டினார். இவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சும்மா இழுக்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஒட்டகச்சிவிங்கியின் கை அப்படியே காற்றில் நின்றது.

அந்தம்மாவுக்கு விஷயம் லேசாகப் புரிந்துவிட்டது. நல்ல மாதிரி. நிதானமாகக் கிரேஸியிடம் எடுத்துச் சொன்னார். கிரேஸி சொல்லச் சொல்ல எனக்கும் கேட்டது. அவர்கள் நாட்டில் அந்தக் காலத்தில் தறி நெய்கிற பொம்பளையைத்தான் வெப்ஸ்டர் என்பார்களாம். பிறகு ஆம்பளைகள் நெய்தாலும் அதே பெயராகிவிட்டதாம். செய்த வேலையே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. ஊருக்கு ஊர் நெசவு இருந்தது. அதனால் ஊருக்கு ஊர் வெப்ஸ்டர் இருந்தார்கள். ஒருத்தருக்கும் ஒருத்தருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

சொல்லிவிட்டு அந்தம்மா சும்மா இருந்திருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் தறி இருப்பதைக் கேள்விப்பட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் உட்கார்ந்து நாலு இழை ஓட்டிக் காட்டினேன். அந்தம்மா என் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார்.

"நிஜமான வெப்ஸ்டர் நீங்கதானாம் அத்தை" என்றாள் கிரேஸி.

"எனக்கு எங்கப்பன் வச்ச பேரே போதும்னு சொல்லு" என்றேன்.

பின்னாலேயே வந்திருந்த இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பாம்பைப் பார்க்கிற மாதிரி. அப்புறம் தெருவைப் பார்த்தார். வீட்டுக்கு வீடு தறி. "அப்ப இந்தத் தெரு பூரா பங்காளியா?" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

காரில் ஏறும்போது வழியனுப்ப மட்டும் வந்தார். கார் டயரைப் பார்த்து "ஸ்தோத்திரம்" சொன்னார். கார் தெருமுனை திரும்பியதும் தீர்ப்பைச் சொன்னார்.

"மூத்த கிளை முறை கெட்டுப்போச்சு. இனிமே வெப்ஸ்டர்னா நாமதான். நாமளாவது ஒழுங்கா இருக்கணும். கல்யாணம் கிடையாது."

கிரேஸி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. தீர்ப்பு சொல்ல ஆளைக் கூப்பிட்டுவைத்து, தீர்ப்பு பிடிக்கவில்லை என்று நீதிபதியையே சாதியைவிட்டுத் தள்ளிவைத்தவரை நான் அன்றுதான் பார்த்தேன். நடுத்தெருவிலேயே கத்தினேன்.

"ஏய்யா, வெப்ஸ்டர் வீட்டுப் பொண்ணு வெப்ஸ்டர் பையனக் கட்டக்கூடாது, அவ்ளோதானே? எங்க வீட்ல ஒரே கோத்திரம்னு இடிச்சா பொண்ண வேற வீட்டுக்குத் தத்துக் குடுத்துட்டு அங்கிருந்து கட்டிக் குடுப்பாங்க. நீயும் அப்படியே எனக்கு எழுதிக் குடுத்துடு! நான் கட்டிக் குடுக்கறேன் என் பொண்ண!"

ஆத்திரத்தில் சொன்னது. அவரோ நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். பத்திரம் எழுதுகிற ஆள் அல்லவா.

"உன் வீட்டுக்காரரு தறியில உக்காந்திருக்காரா?"

"இல்ல. அவரு ரைஸ்மில்லுல மோட்டார் பாக்கறாரு. ஏன்?"

"உன் பேருல எழுத முடியாது. அந்தம்மா சொல்றத வச்சுப் பாத்தா உன் மேல சந்தேகம் இருக்குது. உன் வீட்டுக்காரரு சுத்தம். அவரு பேருக்கு எழுதறேன்."

எழுதினார். கொட்டகையில் உட்கார்ந்து முத்திரைத்தாளில், சொத்து எழுதுகிற மாதிரியே எழுதினார். வயதுவந்த பெண்ணை இப்படித் தத்துக் கொடுத்தால் சட்டப்படி செல்லாது என்பது எனக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா? "மனசுக்குச் செல்லும்" என்றார். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பொண்ணு இனிமே சாப்பாட்டுக்கு இங்கயா, அங்கயா?"

அன்றிலிருந்து கிரேஸி என்னை அத்தை என்று கூப்பிடக்கூடாது, அம்மா என்றுதான் கூப்பிடவேண்டும் என்று உத்தரவு. முதல் தடவை 'அத்' வரைக்கும் வந்து 'அம்மா' என்று திருத்திக்கொண்டாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பாவில் இழை அறுந்திருந்தது, அதை முடிந்துகொண்டிருந்தேன்.

லெந்துக்கு முன்னாலேயே நாள் குறித்தார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெண்ணைப் பெற்றவர்கள் என்று எங்கள் பெயர். எங்கள் சொந்தக்காரர்கள் படித்துவிட்டு, "எப்ப கிறிஸ்தவ வேதத்துல சேந்தீங்க?" என்று சண்டைக்கு வந்தார்கள். சர்ச்சில் பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது என் வீட்டுக்காரர். புது வேட்டி, வெறுங்கால். முன்னால் போய்ச் சேர்ந்ததும் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். போதகர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இவர் எங்கே? மாப்பிள்ளை வீட்டு வேனில் வந்து இறங்கினார், கோட்டோடு. பெரணமல்லூருக்கு முந்தின நாளே போய், அந்த வேனில் ஏறி வந்திருக்கிறார். டேனி வெப்ஸ்டர் என்றால் பங்காளி மகன். தனக்கும் மகன் முறை. அதனால் அவர் மாப்பிள்ளை வீட்டுக்காரர். டேனியின் அம்மா இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தார்.

பந்தியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, பொண்ணு வீட்டுக்காரங்க இப்படியா? பச்சடியில உப்பு இல்ல. எங்க ஆளுங்களுக்கு பீஸே வரல."

"பிரியாணி மாஸ்டர நீதானேய்யா பேசி வச்ச?"

"அது பழைய கத. ஜல்தி பீஸ் அனுப்பு."

வேன் புறப்படும்போது கிரேஸி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் சனியன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெற்றவளுமில்லை, வளர்த்தவளுமில்லை. அந்த ஆள் டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து தலையை வெளியே நீட்டினார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பல்லெல்லாம் தெரிந்தது.

"அழுவாதம்மா. எங்க வீட்டுக்குத்தானே வர்றா? வெப்ஸ்டர் வீட்டுக்கு. நாங்க நல்லாப் பாத்துக்குவோம்."

அன்று பொழுது சாயும் நேரத்தில் பஸ்ஸில் தனியாகத் திரும்பி வந்தார். அவர் வீடு பூட்டிக் கிடந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் என் வாசலுக்கு வந்தார்.

"சம்பந்திம்மா" என்றார். "வேற எவன் வீட்டுக்குக் குடுத்திருந்தாலும் அவ பேரு போயிருக்கும் இல்ல? இப்ப பொறந்த வீடும் வெப்ஸ்டரு, புகுந்த வீடும் வெப்ஸ்டரு. நடுவுல கொஞ்ச நாள்தான் உங்க வீட்ல இருந்தா." கோட்டை அவிழ்க்காமலே படியில் உட்கார்ந்தார். "ஒரு காபி குடு. வீட்ல போட்டுக் குடுக்க ஆளில்ல."

கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்ற திமிரோடு டம்ளரை நீட்டினார்.

"இன்னாம்மா இது, சக்கரையே இல்ல."

திட்டிக்கொண்டே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தேன்.